மூடுபனிக்கு விட்ட இடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தானாக வரவில்லை. கேட்டு வாங்கினார்கள்.

தொகுப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். "பருவநிலை மாற்றம் பத்தி ஒரு சிறுகதைத் தொகுப்பு போடுறோம். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஆள் கிடைச்சாச்சு. கண்ணுல படாத இழப்புன்னு ஒண்ணு இருக்கு இல்லையா, பாட்டு, பழக்கம், பேச்சு, அந்த மாதிரி. அதுக்குத்தான் யாரும் இல்லை. உங்க பக்கம் அழிஞ்சுபோற கலை ஏதாவது இருக்கா?"

"கைவசம் ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அழிந்துபோகும் கலை என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குக் கொட்டாவி வரும். சுருக்கம் விழுந்த ஒரு முகம், அதன் மேல் பக்கவாட்டில் கொஞ்சம் வெளிச்சம், கடைசிப் பத்தியில் ஒரு பெருமூச்சு. எழுதுகிறவருக்கும் சுலபம், படிக்கிறவருக்கும் சுலபம்.

திரும்பினால், பின்பக்கம் அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருந்தாள். வாளியில் தண்ணீர் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு அவள் வாயைத் திறந்தாள், உதட்டைக் குவித்தாள், கழுத்தை இடப்பக்கம் லேசாகச் சாய்த்தாள், மூடினாள். ஒலி எதுவும் வரவில்லை. என்னைப் பார்த்ததும் குழாயை அடைத்துவிட்டு, "என்ன, உனக்கு வேலை வெட்டி இல்லையா?" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து நானே தொகுப்பாசிரியரை அழைத்தேன்.

"ஒண்ணு இருக்குங்க. ஆனா அழிஞ்சுபோறது இல்லை. இன்னும் பிறக்கவே இல்லை."

"ஆகா" என்றார். "புதன்கிழமை சாயந்தரத்துக்குள்ள அனுப்பிடுங்க."

எதற்கு ஆகா என்றார் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) "ஆற்றின் மேல் மூடுபனி மெல்ல இறங்கி, அக்கரையை ஒரு—"

நிறுத்திவிட்டேன். எங்கள் ஆற்றில் நான்கு குளிர்காலமாக மூடுபனி இறங்கவில்லை. முதல் வரியிலேயே பொய் சொன்னால் மிச்சத்துக்கு என்ன செய்வது?

(ஆ) "நிலம் இரவில் போதிய அளவு குளிரும்போது, அதை ஒட்டியுள்ள ஈரக்காற்று—"

இதுவும் வேண்டாம்.*

(இ) "என் அக்கா படகு ஓட்டுகிறாள்."

இதில் ஒரு கவர்ச்சியும் இல்லை. ஆனால் உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

* வானிலை அலுவலகத்தில் ஒருவர் எனக்காகப் படம் போட்டு, அம்புக்குறி வரைந்து, பொறுமையாக விளக்கினார். கடைசியில் நான் விழிப்பதைப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். "ராத்திரி குளிர மாட்டேங்குதும்மா. அவ்வளவுதான் விஷயம்" என்றார். விஞ்ஞானத்தில் எனக்குப் புரிந்த ஒரே வாக்கியம் அது.

3

என் அக்கா படகு ஓட்டுகிறாள்.

பயணிகள் படகு, இயந்திரம் வைத்தது. மேலே வெகுதூரத்தில் ஒரு பாலம் உண்டு. சுற்றிக்கொண்டு போக யாருக்கும் பொறுமை இல்லை. ஆலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள் எல்லோரும் படகில்தான் வருவார்கள். மொத்தம் இரண்டு படகுகள். ஒன்று இக்கரையிலிருந்து கிளம்பும்போது மற்றது அக்கரையிலிருந்து கிளம்பும். நடு ஆற்றில் ஒன்றையொன்று தாண்டும்.

இதனால் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு படகோட்டிகளும் ஒரே கரையில் சேர்ந்து நிற்கவே முடியாது. அவர் இங்கே வந்து சேரும்போது இவள் அங்கே போய்ச் சேர்ந்திருப்பாள். நாள் முழுக்க நடு ஆற்றில் கையசைத்துக்கொள்வார்கள். இத்தனை வருஷத்தில் ஒரே மேசையில் தேநீர் குடித்ததில்லை. அந்த இன்னொரு படகோட்டியை எல்லோரும் 'எதிர்க்கரை' என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கரைக்காரர்களுக்கும் அவர் எதிர்க்கரைதான். படகுக்குக் காத்திருக்கிற யாருக்கும் அவர் எப்போதும் அந்தப் பக்கத்தில்தானே இருக்கிறார்!

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள், இதைப் புரிந்துகொண்டால் போதும்.

மூடுபனி இறங்கும் காலைகளில் படகோட்டிகள் கூவிக்கொள்வார்கள். ரேடார் வந்த பிறகும் கூவினார்கள். ரேடாரில் ஒரு புள்ளி தெரியும், அது யாரென்று தெரியாது என்பது அவர்கள் கட்சி. ஒவ்வொருவருக்கும் ஒரு கூவல். அதில் சொல் கிடையாது, வெறும் ஒலி. படகு கைக்கு வந்ததும் அவரவரே அதை மனசுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும். முன்னாலிருந்தவருடையதை எடுத்துக்கொள்ளக் கூடாது, அது அவரோடு போய்விடும். கட்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவும் கூடாது. முதல் மூடுபனியில், எதிரே வரும் படகு கண்ணுக்குத் தெரியாதபோது, முதல் தடவையாகக் கூவ வேண்டும். எதிர்ப்படகுக்காரர் அதை அப்படியே ஒருமுறை திருப்பிக் கூவுவார், பிறகு தன்னுடையதைக் கூவுவார். பதில் வந்த பிறகுதான் உங்கள் கூவல் உங்களுடையது.

"வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தா என்ன?" என்று அக்காவை ஒருமுறை கேட்டேன்.

"கூவுறதுக்கு ஒரே அர்த்தம்தான். நான் இங்க இருக்கேன், நீ எனக்குத் தெரியலை. அவ்வளவுதான். தெரியறப்ப தெரியலைன்னு சொன்னா அது பொய். ஆத்துல ஒரு தடவை பொய் சொல்லிட்டா அடுத்த தடவை எவன் நம்புவான்?"

"வீட்டுக்குள்ள ஏது ஆறு?"

"உன்கிட்டப் பேசினேன் பாரு" என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் பல வருஷம் அதே படகில் கயிறு பிடித்தவள். சுக்கான் கைக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. நான்கு வருஷமாகத்தான் மூடுபனியும் இல்லை. ஆக, என் அக்காவின் வாய்க்குள் ஒரு கூவல் இருக்கிறது. அதை உலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

4

அக்காவிடமிருந்து நான் எத்தனையோ திருடியிருக்கிறேன். சட்டை, செருப்பு, அவளுக்கு வந்த ஒரு காதல் கடிதத்தின் இரண்டாவது பத்தி. இதை மட்டும் திருட முடியவில்லை. அந்த உதட்டசைவை வைத்து ஒலியை ஊகித்து எழுதிப் பார்த்தேன். "ஓ—ஓஒ—" என்று வந்தது. மாடு கத்துகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

சரி, எதிர்க்கரைக்கு வருகிறேன். அவருக்கு மழைக்காலத்திலிருந்தே தொண்டை கட்டியிருந்தது. கஷாயம், மாத்திரை, மப்ளர் எல்லாம் பார்த்தார். பிறகு பெரிய டாக்டரிடம் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய விடுமுறை நாளில், டிக்கெட் எடுத்துக்கொண்டு பயணியாக அக்காவின் படகில் ஏறினார். நானும் அன்று படகில் இருந்தேன். அக்கா பதறிப்போய், "என்னண்ணே, நீங்க இங்க?" என்றாள். அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. அவர் தன்னைவிடக் குள்ளம் என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது என்று பின்னால் சொன்னாள்.

அவர் சுக்கானுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரல் உப்புத்தாளில் உரசின மாதிரி இருந்தது.

"ஆபரேஷன்ம்மா. அடுத்த வியாழன் இல்லை, அதுக்கடுத்த வியாழன். குரல்பெட்டியையே எடுக்கணும்னுட்டாங்க. உயிருக்கு ஒண்ணும் இல்லை. பேச்சுதான் போயிடும்."

அக்கா முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அதுக்கு நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? என் வீட்டுக்காரிக்கு ஒரே சந்தோஷம்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "உன் கூவலுக்கு நான்தானே பதில் சொல்லணும். வேற யாரு இருக்கா?"

யாரும் இல்லை. அவருக்கு அப்புறம் வரப்போகிறவன் புது ஆள். அவனிடம் இருக்கப்போவதும் பதில் கிடைக்காத கூவலாகத்தான் இருக்கும். பதில் வாங்காதவர் பதில் சொல்ல முடியாது.

"பேசாம இப்பவே சொல்லிடு" என்றார் எதிர்க்கரை. "மெதுவா என் காதுல சொல்லு. நான் திருப்பிச் சொல்லிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேண்ணே. உங்க மூஞ்சி இதோ தெரியுது. எதிர்ல வச்சுக்கிட்டு எப்படிக் கூப்பிடுறது?"

"கண்ணை மூடிக்கோ."

"சுக்கானைப் பிடிச்சுக்கிட்டா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். அக்கா படகைக் கரை சேர்க்கும் வரை திரும்பவே இல்லை. அவள் காது நுனி சிவந்திருந்தது. அழுகையை அடக்கும்போது அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

5

(இந்தப் பகுதியில் என் சின்ன வயது மூடுபனிக் காலைகள் இருந்தன. நன்றாகவே வந்திருந்தன. எடுத்துவிட்டேன். பழைய பனிக்காக நான் ஏங்க ஆரம்பித்தால் நீங்களும் கூடவே ஏங்குவீர்கள், இருவருமாகச் சுகமாக ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவோம். அக்கா ஏங்கவில்லை. அவளுக்குப் பின்னால் எதுவும் தொலையவில்லை, முன்னால்தான் வழி அடைபட்டிருக்கிறது. அந்தக் கோபத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். தொட்டுணர முடியாத மரபுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இருந்ததைக் காப்பாற்றுவது பற்றியே எழுதுகிறார்கள். இனிமேல் வரவேண்டியதை யார் காப்பாற்றுவது? சரி, கட்டுரையாகிறது. அடுத்த பகுதிக்குப் போவோம்.)

6

இங்கே ஒருங்கிணைப்பாளர் வருகிறார். மரபுகளைப் பதிவுசெய்யும் ஓர் அமைப்பிலிருந்து, கூவலைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்த பெண்மணி.

முதல் பிரதியில் இவருக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, வாயில் பெரிய பெரிய சொற்களைத் திணித்து, கோமாளியாக்கி வைத்திருந்தேன். எழுதும்போது குஷியாகத்தான் இருந்தது. மறுநாள் படித்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. அவர் அப்படி இல்லை. முந்தின இரவெல்லாம் பேருந்தில் வந்தவர். அக்கா பேசும்போது குறுக்கே பேசாதவர். அவருக்கும் வியாழக்கிழமைதான் கவலை.

"கூவல் ஆளோட போயிடும்னா, அப்புறம் அடுத்தவங்களுக்கு நீங்க என்னத்தைக் கொடுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. எனக்கு இது தோன்றியதில்லை.

அக்கா யோசித்தாள். "பதில் சொல்றதை" என்றாள்.

ஒருங்கிணைப்பாளர் அதை எழுதிக்கொண்டார். பிறகுதான் அந்த யோசனையைச் சொன்னார். மேடை நாடகங்களுக்குப் புகை போடுகிற இயந்திரங்கள் வாடகைக்குக் கிடைக்கும். நாலைந்து கொண்டுவந்தால் நடு ஆற்றில் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. அதற்குள் இருவரும் கூவிவிடலாம், பதிவும் ஆகிவிடும்.

"முடியாது" என்றாள் அக்கா.

"கண்ணுக்குத் தெரியாது மேடம். அதானே உங்க கண்டிஷன்?"

"புகையைப் போட்டது யாரு? நாமதானே. நாமளே கண்ணைக் கட்டிக்கிட்டு, நாமளே தெரியலைன்னு கத்துறதா?"

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அன்று சாயங்காலம் எதிர்க்கரை அக்காவுக்குத் தொலைபேசி செய்தார். அவர் பேசியதில் பாதி எனக்கே வெளியே கேட்டது. "உன்னுதை நீ கூப்பிடு, கூப்பிடாமப் போ. அது உன் இஷ்டம். என்னுதை நான் ஒரு தடவை கூப்பிட்டுடறேன்ம்மா. நாலு வருஷம் ஆச்சு. அது எப்படி இருக்கும்னே மறந்துடும்போல இருக்கு. நீ படகை மட்டும் எடுத்துட்டு வா."

அக்கா சரி என்றாள். அவருக்காகத்தான் சரி என்றாள்.

7

போன சனிக்கிழமை.

இதை நான் நேரில் பார்த்தேன். ஆகவே இந்தப் பகுதியில் மாற்று வடிவங்கள் கிடையாது.

புகை இயந்திரங்களைப் படகுத்துறையிலும் இரண்டு படகுகளிலும் வைத்தார்கள். முதல் புகை வந்ததும் காற்று அதை அப்படியே அள்ளிக்கொண்டுபோய் டிக்கெட் வரிசையின் மேல் கொட்டியது. ஒரே இருமல். ஒரு பெரியவர் குடையை விரித்துப் புகையை விரட்டினார். யாரோ தீயணைப்புக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள், வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. ஒருங்கிணைப்பாளர் ஓடிப்போய் அவர்களிடம் தொட்டுணர முடியாத மரபு என்றால் என்னவென்று விளக்கினார். அவர்கள் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்கள்.

பிறகு காற்று நின்றது. படகுகள் நடு ஆற்றுக்கு வந்திருந்தன. புகை தண்ணீர்மேல் படிந்து தங்கியது. நான் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். எங்கும் வெள்ளை. அது மேடைப் புகை என்பது ஒரு நிமிஷம் எனக்கே மறந்துவிட்டது.

அந்தப் பக்கத்திலிருந்து எதிர்க்கரை கூவினார்.

அது எப்படி இருந்தது என்று எழுத என்னால் ஆகாது. கரகரத்தது, ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் இழுத்தது, நடுவில் மூச்சுக்காக நின்றது. ஆனாலும் அது அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, இதை மறைக்கப்போவதில்லை. ஒலிவாங்கி பிடித்திருந்த பையன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்து அக்காவின் முறை. அவள் மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள். கழுத்து இடப்பக்கம் சாய்ந்தது, குழாயடியில் சாய்ந்த அதே சாய்வு. நான்கு வருஷமாக உள்ளே இருந்தது இதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

அவள் எதிரே பார்த்தாள். புகைக்குள் அவருடைய படகின் சிவப்பு முகப்பு பளிச்சென்று தெரிந்தது.

"தெரியுதுண்ணே!" என்று கத்தினாள். "நல்லாத் தெரியுது!"

பிறகு புகைக்குள் எதிர்க்கரை சிரித்தார். அதன்பிறகு அவர் செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவளுடைய அதே இழுப்பில், அதே ஏற்றத்தில், "தெரியுதுண்ணே! நல்லாத் தெரியுது!" என்று ஒருமுறை திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கூவலை இன்னொரு தடவை கூவினார். முறைப்படி பதில்.

கரைக்கு வந்ததும் ஒருங்கிணைப்பாளர் தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டார். "அப்போ, அதுதான் மேடத்தோட கூவலா?"

"ஆமாங்க" என்றார் எதிர்க்கரை, முகத்தில் சிரிப்பே காட்டாமல். "கொஞ்சம் புது மாதிரி."

இப்போது அந்தப் பதிவகத்தில் என் அக்காவின் பெயருக்கு எதிரே அதுதான் இருக்கிறது. அக்கா அன்று முழுக்க அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "அது செல்லாது. பனி இல்லை. அதோட, நான் சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னதுக்குப் பதில் சொன்னா அது எப்படிக் கூவலாகும்?" அவளுடைய கோபத்தில் இருந்த பயம் எனக்குத் தெரிந்தது. முதலில் வாயிலிருந்து வந்து, பதிலும் வாங்கியது அதுவே அல்லவா? ஒருவேளை அதுதான் நின்றுவிடுமோ?

8

முடிவுகள்.

முடிவு ஒன்று. "வியாழன் விடியலில் மூடுபனி இறங்கியது."

பாருங்கள், எழுதிவிட்டேன். ஒரு காசு செலவில்லை, தீயணைப்பு வண்டி வரவில்லை. தொகுப்பாசிரியர் இதைத்தான் விரும்புவார். நேற்றுகூட, "கொஞ்சம் நம்பிக்கையோட முடிங்க, ஏற்கெனவே வெள்ளத்துல எல்லாரும் செத்துட்டாங்க" என்றார். எழுத்துக்கு ராத்திரி குளிர வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் இப்படி எழுதுகிற நான், மேடைப் புகை போட்டவர்களைவிட எந்த விதத்தில் மேல்?

முடிவு இரண்டு. பனி வரவில்லை. அவர் குரல் போகிறது. வருஷங்கள் கழித்து, ஓய்வு பெறும் நாளில், அக்கா படகின் முனையில் தனியாக நின்று—

வேண்டாம். இது பெருமூச்சு. ஓய்வு பெறும் அக்காவை எனக்குத் தெரியாது. அவளுக்கு இப்போதுதான் முட்டி வலியே ஆரம்பித்திருக்கிறது.

முடிவு மூன்று. ஆஸ்பத்திரியில், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால், அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். அவருக்கு அக்கா தெரியவில்லை. அக்கா அவர் காதருகே குனிந்து—

இதில் நான் வெகுநேரம் நின்றேன். அவருக்குத் தெரியாது, சரி. அவளுக்குத் தெரியுமே. கூவுகிறவள் அவள் அல்லவா.

9

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அதாவது நேற்று, அக்கா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். தன்னைப் பற்றி எழுதினால் அவளுக்குப் பிடிக்காது, ஆனால் இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள். சட்டையின் கைப்பக்கம் லேசாகத் தீய்ந்தது.

"அவர் படகு முகப்பு சிவப்பு இல்லை. ஆரஞ்சு."

"சரி, மாத்திடறேன்."

"அந்தக் காதல் கடிதத்தை எடுத்தது நீதானா?"

"கதைக்காகச் சும்மா எழுதினேன்க்கா."

முதல் முடிவை வாசித்தபோது அவள் முகம் மாறியது. "பனி வந்துச்சுன்னு எழுதிட்டு அப்புறம் என்ன பண்ணுவ? நான் எப்படிக் கூப்பிட்டேன்னு எழுதுவியா?"

"அது எப்படி எழுத முடியும்? 'கூவினாள்'னு ஒரு சொல். அவ்வளவுதான்."

"அதுவும் வேணாம்டி. பனி வராம நான் கூப்பிட்டதா ஒரு இடத்துல இருந்துடும். எத்தனை பேர் படிப்பாங்க?"

"தமிழ்ல சிறுகதைத் தொகுப்புக்கா. ஒரு ஐநூறு பேர் படிச்சா பெரிய விஷயம்."

"ஐநூறு பேருக்கு முன்னால பொய்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் எதிர்க்கரை ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமாம். அதற்கு முன் விடியற்காலை முதல் நடையை அவரே ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறாராம். அக்கரையிலிருந்து அவர், இக்கரையிலிருந்து இவள். அதை எனக்கு இதுவரை சொல்லவில்லை. சொன்னால் எழுதிவிடுவேன் என்று நினைத்தாளாம். எழுதிவிட்டேன்.

"அதுதான் கடைசி நடை" என்றாள். பிறகு, "எனக்குப் பயமா இருக்குடி" என்றாள்.

"பனி வராதுன்னா?"

"வந்துட்டா. நாலு வருஷமா இது வாய்க்குள்ளயே கிடக்கு. நல்லா இருக்கா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. ஒருவேளை கேவலமா இருந்தா? அவர் அதைத் திருப்பிச் சொல்லணுமே, அந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு."

நான் எழுதுகிறவள். எழுதியதை எடுத்துக்கொண்டுபோய் எப்போது வேண்டுமானாலும் யாரிடமாவது நீட்டலாம். நன்றாக இல்லை என்றால் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். இவளால் ஒரு தடவை சொல்லிப் பார்க்கக்கூட முடியாது. அதற்கு ஒரு காலை வேண்டும். அந்தக் காலை இப்போதெல்லாம் வருவதில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்தேன். எங்கள் வீட்டில் அதெல்லாம் வழக்கமில்லை என்பதால் இருவரும் சங்கடப்பட்டு எழுந்துவிட்டோம்.

அறையை விட்டுப் போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "முடிவை எழுதாத. இடம் விட்டு வை. வந்தா வரட்டும்."

10

இன்று புதன்கிழமை. சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும்.

கைபேசி நாளைக்குத் தெளிந்த வானம் என்கிறது. அதன்மேல் ஒரு சின்னச் சூரியனைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். வானிலை அலுவலகத்துக்காரரைக் கூப்பிட்டேன். "சான்ஸ் ரொம்பக் கம்மிம்மா" என்றார். நான் வைக்கப் போனபோது, "ஆனா இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்று சேர்த்துக்கொண்டார். அவருக்கும் விஷயம் தெரியும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது வியாழக்கிழமை கழிந்து வெகுநாள் ஆகியிருக்கும். எனக்குத் தெரியாத வானிலையில் இருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் என்னைவிட நீங்கள் கெட்டிக்காரர்கள். ஆகவே அக்கா சொன்னபடி இடம் விடுகிறேன்:

[



]

இதில் நீங்கள் பனியை இறக்கலாம். அக்காவைக் கூவ வைக்கலாம், அவருக்குப் பதில் சொல்லத் தெம்பு கொடுக்கலாம். நான் தடுக்கப்போவதில்லை. ஒரே ஒரு நிபந்தனை, அது என்னுடையதல்ல, ஆற்றில் எல்லோருக்கும் உள்ளது. எழுதுவதற்கு முன் தலையை நிமிர்த்தி எதிரே பாருங்கள். எதிரே இருப்பது உங்களுக்குத் தெரிகிறதென்றால், அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

நானும் இப்போது நிமிர்ந்து பார்க்கிறேன். ஜன்னல் வழியே ஆறு தெரிகிறது. அக்கரை தெரிகிறது. அக்கரையில் அவருடைய படகும், அதன் ஆரஞ்சு முகப்பும், கயிற்றைச் சுற்றியிருக்கும் கம்பமும், கம்பத்தருகே மப்ளரோடு நின்று இந்தப் பக்கமாகக் கையசைக்கும் அவரும், எல்லாம் நன்றாகத் தெரிகிறது.